பதினெட்டு பாகம் ஆழம்

அக்காவின் தீவுக்கு ஜனநாயகம் வந்து ஒரு வருடமாகிறது. எங்கள் தீவுக்கு வரவில்லை. நடுவே படகில் அரைமணி நேரம்தான். அங்கே ஒரு தளபதி ஆண்டார். இங்கே அவருடைய தம்பி இன்னும் ஆள்கிறார்.

வெளிநாட்டுத் தேர்தல் குழு எங்களிடமும் வந்தது. வந்தவர்கள் முதலில் கடலைத்தான் அளந்தார்கள். அக்கா கரையில் பதினெட்டு பாகம் ஆழம், பதினெட்டு ஆள் உயரம்; போர்க்கப்பலே நிற்கும். எங்கள் கரையில் நாலு பாகம். "உங்கள் மக்கள் இன்னும் பக்குவப்படவில்லை" என்று கடிதம் வந்தது. தேர்தல் கேட்டு மனுவில் கையெழுத்துப் போட்ட என் புருஷன் லாசர் அன்றிலிருந்து சிறையில் இருக்கிறார்.

ஈஸ்டருக்கு செலின் அக்கா வந்தாள். வந்ததிலிருந்து இடது கையை முந்தானைக்குள்ளேயே வைத்திருந்தாள். மை வைத்த விரலை என்னிடம் மறைக்கிறாள் என்று எரிச்சலாக வந்தது.

"காட்டுக்கா. நான் ஒண்ணும் கண்ணு வச்சிட மாட்டேன்."

நீட்டினாள். நாலு விரலிலும் மை.

"துறைமுகத்தை அந்த வெளிநாட்டுக்காரங்களுக்குக் குடுக்க மாட்டேன்னவரு ஜெயிச்சாருடி. தேர்தல் சரியா நடக்கலன்னு திரும்பத் திரும்ப வைக்கிறாங்க. ஒவ்வொரு தடவையும் அடுத்த விரல். நாங்களும் அவருக்கேதான் போடுறோம். இனி கட்டைவிரல்தான் மிச்சம்."

அவள் கண் கலங்கியது. நான் ஆறுதல் சொல்லியிருக்க வேண்டும்.

"நாலு தடவை போட்டியே, உன்னை யாராவது பிடிச்சிட்டுப் போனாங்களா?"

"இல்லடி."

அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலில் ஒரு விரல் எனக்குப் போதும்.