மறுமுனை மூடியிருக்கிறது

தூத்துக்குடியில் செலஸ்டினாவுக்குக் கம்ப்யூட்டர் செயலிகளின் கோளாறுகளைச் சரிசெய்யும் வேலை. கணவன் பர்னபாஸ் கப்பலில் எஞ்சினியர். சாயங்காலமானால் இருவரும் திரையில் முகம் பார்த்துப் பேசுவார்கள். நடுவில் இணைப்பு விட்டுப்போனால், அது திரும்பும்வரை மறுமுனையில் இருப்பவரின் முகத்திலும் குரலிலும் செயலியே பேசிச் சமாளித்துவிடும். எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

அன்று பர்னபாஸ் சொன்னதையே திரும்பச் சொன்னான். ஏதோ சிக்கல் என்று, அவன் பேசப் பேசவே அவள் இணைப்பைச் சோதித்தாள். மறுமுனை மூடியிருந்தது. ஒரு மாதமாகக் கப்பலிலிருந்து எதுவுமே வந்திருக்கவில்லை. திரையில் அவன் சிரித்தபடி, "இன்னைக்கு மீன் குழம்பா?" என்றான்.

கப்பல் கம்பெனிக்குப் போன் போட்டு, அழுது கெஞ்சி, சாட்டிலைட் போனில் அவனைப் பிடித்தாள்.

"ஏங்க, உயிரோட இருக்கீங்களா?"

"என்ன பேச்சு இது செலின்? நேத்துகூடப் பேசினோமே!"

"அது நான் இல்லைங்க. லைன் போய் ஒரு மாசமாச்சு."

"அப்போ, இன்னும் மூணு வருஷம் கப்பல்லயே இருக்கட்டுமான்னு கேட்டதுக்கு, 'தாராளமா இருங்க'ன்னு சொன்னது?"

"ஐயோ! நான் அப்படிச் சொல்லுவேனாங்க?"

"எனக்கும் ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. நான் வரலைன்னா இவளுக்கு ஒண்ணுமில்ல போலன்னு மனசு விட்டுப்போய், காலையில ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுட்டேன்."

செலஸ்டினா போனைக் காதிலிருந்து எடுக்காமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.