பலகையில் டோக்கன் இல்லை

"காலையில நீ எல்லார் முன்னாடியும் திட்டினதுலதான் அவரு கோவிச்சுக்கிட்டு..."

"நான் திட்டினேனா? உன் புருஷனோட சோம்பேறித்தனத்துக்கு..."

"சோம்பேறியா? ஒரு வருஷமா இந்தக் கப்பலே கதின்னு கிடந்தவருண்ணா!"

சும்மா இரு என்று மேஸ்திரி ஸ்பிரூ தங்கை ஸீட்டாவிடம் கையைக் காட்டினான். மால்டாவின் அந்தச் சின்னத் தளம் கட்டிய முதல் கப்பல் அது. மந்திரி வந்தாயிற்று. இன்று கப்பல் கடலில் இறங்காவிட்டால் அடுத்த ஒப்பந்தமும் போகும், தளத்தையும் இழுத்து மூட வேண்டியதுதான்.

"கப்பலோட அடித்தொட்டிக்குள்ள பெயிண்ட் அடிச்சிட்டிருந்தாரே?" என்றாள் ஸீட்டா.

"வேலையை முடிச்சிட்டு வெளிய வந்துட்டாரு மாப்பிள்ளை. பார்த்துட்டுத்தானே மூடியைப் போட்டு போல்ட்டை முறுக்கினேன்? ஏதாவது மதுக்கடையில உட்கார்ந்திருப்பாரு. போ!"

ஸ்பிரூ பார்த்தது தளத்தின் டோக்கன் பலகையை. தொட்டிக்குள் இறங்குகிறவன் தன் பித்தளை டோக்கனை அதில் மாட்ட வேண்டும், வெளியே வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். சாப்பாட்டு வேளைக்குப் பிறகு பலகை காலியாக இருந்தது.

பாண்டு முழங்கியது. கப்பலின் முகப்பில் மது பாட்டில் உடைந்தது. கப்பல் சறுக்கிக்கொண்டு போய்க் கடலில் மிதந்தது. ஸ்பிரூ தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டுக்கொண்டான்.

ஸீட்டா கோபமெல்லாம் மறந்து, சிரித்தபடி கைப்பையிலிருந்து எதையோ எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"மத்தியானம் ரொட்டி கொண்டுவந்தேன்ல, அப்போ பலகையிலேர்ந்து இதை எடுத்துட்டுப் போய் பளபளன்னு தேய்ச்சு, ஃபாதர்கிட்ட ஆசீர்வாதமும் வாங்கிட்டேன். மந்திரியோட போட்டோ எடுக்கிறப்ப அவரு நெஞ்சுல குத்திவிடணும். எங்கேண்ணா அவரு?"