பொம்மை நின்ற ஸ்டூல்

சுப்பம்மா புடவை கட்டிய பொம்மையை இடுப்போடு சேர்த்துத் தூக்கித் தரையில் நிறுத்திவிட்டு, அது நின்றிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

காலை பதினொன்றரை மணி. தி. நகரில், உஸ்மான் ரோட்டுக்குப் பின்னால் இருக்கிற புடவைக் கடை. முகூர்த்த மாசம். காட்டன் பிரிவில் எள் போட்டால் எள் விழாது.

ஒன்பது வருஷமாக அங்கே புடவை பிரித்துக் காட்டுகிறவள், கடை நேரத்தில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

நின்று வேலை பார்க்கிறவர்களுக்கு இருக்கை போட வேண்டும் என்று சட்டம் வந்தபோது முதலாளி நான்கு ஸ்டூல் வாங்கினார். மூன்றின் மேல் புடவைக் கட்டு ஏறிக்கொண்டது. நான்காவதில் பொம்மை. யூனிஃபார்ம் கொடுக்கிற அளவுக்குப் பெரிய கடை இல்லை. உட்காராதே என்று சொல்வதில் மட்டும் பெரிய கடைகளைத் தோற்கடித்துவிடும்.

சாயங்காலமானால் சுப்பம்மாவுக்கு இரண்டு காலிலும் நீர் கோத்துக்கொள்ளும். விரலால் அழுத்தினால் குழி விழும். செருப்பில் கால் நுழையாது.

தண்ணீர் குடிப்பதால்தான் காலில் நீர் சேருகிறது என்று அவளாகவே முடிவு கட்டி, வாயைக் கட்டியிருந்தாள். பாத்ரூம் நான்காவது மாடியில் என்பதால் அந்த வைத்தியம் கடைக்கும் பிடித்திருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நன்றாக டோஸ் விட்டார். இதயத்திலும் கிட்னியிலும் ஒரு கோளாறும் இல்லை, உன் பழக்கம்தான் கோளாறு என்றார். தண்ணீர் குடி, உப்பைக் குறை, வீட்டில் காலைத் தலையணை மேல் தூக்கி வை, நட, நடுநடுவே உட்கார்.

அப்பளம் போனது. ஊறுகாய் போனது. கருவாட்டை விட்டபோது மட்டும் அழுகையே வந்துவிட்டது. தண்ணீர் குடிக்கக் குடிக்க, பாத்ரூமுக்கு ஏறுகிற நான்கு மாடியும் பழகிப்போனது. வீக்கம் பாதி வடிந்தது.

மீதி வடிய உட்கார வேண்டும். வேலை போனால் நாற்பத்தெட்டு வயதில் யார் கூப்பிட்டுக் கொடுப்பார்கள் என்று பயமாகத்தான் இருந்தது. போனால் போகட்டும், வேலை வேறு கிடைக்கும், கால் கிடைக்குமா என்று துணிந்துவிட்டாள்.

சூப்பர்வைசர் கபாலி ஓடி வந்து எழுந்திரு என்றான். பத்து நிமிஷத்தில் எழுவேன், அடுத்த மணிக்கு மறுபடியும் உட்காருவேன் என்றாள். வேலை போய்விடும் என்றான். அவள் அசையவில்லை. இந்தக் கடை உப்பைத் தின்றுவிட்டு இப்படி நடந்துகொள்கிறாயே என்று கேட்டான்.

“உப்ப நிறுத்தி ஒரு மாசமாச்சு சார்.”

பக்கத்தில் நின்ற கயல் சிரிப்பை மறைக்கப் புடவை ஒன்றை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள். கபாலி கையை நீட்டிக் கத்தத் தொடங்கினான்.

சத்தம் கேட்டு, கல்யாண ஜவுளி எடுக்க வந்திருந்த மயிலாப்பூர் மாமி ஒருத்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். தி. நகர் புடவைக் கடையில் யார் நிற்பார்கள், யார் உட்காருவார்கள் என்பதில் அவளுக்கு முப்பது வருஷ அனுபவம்.

கபாலியை ஏற இறங்கப் பார்த்தாள். முதலாளியம்மாவையே எதிர்த்துக் கத்துகிற ஆளை எதற்காக வேலைக்கு வைத்திருக்கிறீர்கள் என்று சுப்பம்மாவிடம் கேட்டாள்.

கபாலி நீட்டிய கையை மடக்கிக்கொண்டான்.

சுப்பம்மா காலை இன்னும் கொஞ்சம் நீட்டிக்கொண்டாள்.

“கோவிச்சுக்காதீங்கம்மா. பாவம், காலைலேர்ந்து நின்னுக்கினே கீறாரு.”