வென்யாங்கின் கணக்கு

“வேணும்னே தப்பாப் போடறியா, வென்யாங்?” என்று கேட்டார் லியாவ் டீச்சர்.

கரும்பலகை முன்னால் சாக்பீஸும் கையுமாக நின்றான் வென்யாங். இரண்டு சமன்பாடுகளை அணியாக எழுதி, அதன் நேர்மாறு அணியைக் கண்டு, அதை வைத்து விடை சொல்ல வேண்டும். மேல் வரிசையில் 2, 1. கீழ் வரிசையில் 5, 3. நேர்மாறில் 2-ம் 3-ம்தான் இடம் மாற வேண்டும். அவனோ 1-ஐயும் 5-ஐயும் மாற்றி வைத்திருந்தான்.

“கால்குலேட்டர்ல பேட்டரி தீர்ந்துபோச்சு, டீச்சர்.” பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. யாரும் சிரிக்கவில்லை. சொன்னவனே தலையைக் குனிந்துகொண்டான்.

போன கோடை வரை வென்யாங்குக்கு அந்த வகுப்பில் பட்டப்பெயரே கால்குலேட்டர்தான். விடுமுறையில் ஒரு நாள் அவனும் இரட்டைத் தம்பியும் கடலில் குளிக்கப் போனார்கள். வென்யாங் கரையேறினான். துறைமுகத்துக்கு அந்தப் பக்கம் மீன்வளப் பள்ளியில் படித்த தம்பி காய்லினை அலை கொண்டுபோய்விட்டது.

பள்ளி திறந்த அன்று வென்யாங் வகுப்பு வாசலிலேயே நின்றான். தன் இடம் எது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஒரு பையன் எழுந்து வந்து கையைப் பிடித்து அழைத்துப்போய் உட்கார வைத்தான். துக்கம் மனிதனை இப்படியும் ஆக்கும் என்று டீச்சர் நினைத்துக்கொண்டார்.

ஆனால் இப்போது பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு நெருங்கிவிட்டது. மணி அடித்ததும் அவனைத் தனியே அழைத்தார்.

“எவ்வளவு படிச்சாலும் ஏற மாட்டேங்குது, டீச்சர்.” அவன் கண்கள் சிவந்திருந்தன. “அம்மாவை மட்டும் வரச் சொல்லாதீங்க. நான் இன்ஜினியர் ஆயிடுவேன்னு நம்பிக்கிட்டிருக்காங்க.”

வரச் சொல்லவில்லை. அன்று மாலை டீச்சரே போனார். துறைமுக நகரமான கீலுங்கில் வழக்கமான மழை. கோயில் தெருவில் தன் சிறு கடையில் வென்யாங்கின் அம்மா மீன் உருண்டை சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தார்.

“உட்காருங்க டீச்சர், நனைஞ்சிருக்கீங்க. வென்யாங், டீச்சருக்கு ஒரு கிண்ணம் கொண்டா.”

அவன் கிண்ணத்தை வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் பாத்திரம் கழுவ உள்ளே போய்விட்டான்.

டீச்சர் குரலைத் தாழ்த்தினார். “பையனுக்குக் கணக்கே மறந்துபோன மாதிரி இருக்கும்மா. மனசுல பெரிய அடி பட்டா இப்படி ஆகுமாம். நல்ல டாக்டரா பார்த்துக் காட்டலாம்.”

சுத்தமாக இருந்த மேசையையே அந்த அம்மா துடைத்தார். “டாக்டரெல்லாம் வேண்டாம், டீச்சர். அவனுக்குக் கணக்கு வரலேன்னா பரவாயில்ல. எல்லார் முன்னாடியும் எழுப்பி நிக்க வைக்காதீங்க, அது போதும்.”

“என்னம்மா இப்படிச் சொல்றீங்க? அவன் மூளைக்கு எங்கேயோ போக வேண்டிய பையன்.”

அம்மா துணியை மடித்து வைத்தார். “அன்னைக்குக் கரையில அவனைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு, ‘வென்யாங், நல்லவேளை நீயாவது எனக்கு மிஞ்சினியே’ன்னு கத்திட்டேன்” என்றார். “குளிர்ல பல்லு நடுங்க, ‘ஆமாம்மா’ன்னான். சொன்ன வார்த்தையை இனி எங்க போய் அள்ளுவேன்?”

“பெத்தவங்க சொல்றதுதானே. அதுல என்ன தப்பு?”

அம்மா உள்ளே எட்டிப் பார்த்தார். குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் கேட்காது என்று நிச்சயமான பிறகு, டீச்சரின் காதருகே குனிந்தார்.

“எனக்குத் தெரியும்னு காய்லின்கிட்ட சொல்லிடாதீங்க, டீச்சர்.”