எண்ணெய்த் தாங்கி விழுந்த பிறகு

“இந்தப் பாலைத் திருப்பிக் கொண்டுபோ வசந்தமலர். பிளேன்ர தாங்கியில தண்ணி குடிச்ச மாட்டின்ர பால் அம்மனுக்கு வேண்டாம்.”

சீவரத்தினம் மாமா கோயில் வாசலிலேயே அம்மாவை மறித்தார். அவர்தான் கோயில் தலைவர். பொங்கலுக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“பாலுக்கும் தொட்டிக்கும் என்ன மாமா?” என்றேன்.

“நீ ஓ.எல். சோதினையில பெயில். உனக்கு விளங்காது கபிலன். பேசாமல் நில்.”

பெயில்தான். ஆனால் இது விளங்கும். கோயில் வேண்டாம் என்ற பாலை நாளைக்கு ஊரில் ஒரு வீடும் வாங்காது. மீள்குடியேறி வந்த எங்களுக்கு அந்த மாட்டை விட்டால் வேறு வருமானமில்லை.

தாங்கி, சண்டை நேரம் கிபிர் விமானத்திலிருந்து எங்கள் வயலுக்குள் விழுந்தது. நாங்கள் திரும்பி வரும்வரை அங்கேயே கிடந்தது. அம்மா அதை நெடுக்காக வெட்டுவித்து மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி ஆக்கினா.

“பெத்த பிள்ளையைத் திண்ட சாமானை வீட்டு முத்தத்தில கொண்டந்து வச்சிருக்கிறா. கல்நெஞ்சுக்காரி!”

சொன்னது சிவலட்சுமி மாமி, சீவரத்தினம் மாமாவின் மனைவி. என் அண்ணா செத்த அதே குண்டில்தான் அவவின் ஒரே பிள்ளை நிவேதிகாவும் செத்தவள்.

“அது வெறும் தகரம் மாமி. அதில கோவிச்சு என்ன?”

“தகரத்தில கோவமில்லையடா. கொம்மாவிலதான் கோவம்.”

காரணம் ஊருக்கே தெரியும்.

அன்றைக்கு இரண்டு வீட்டாரும் பதுங்குகுழிக்குள், ஒரே பங்கருக்குள் இருந்தோம். கிபிர் சுற்றிக்கொண்டிருக்க, பொத்தென்று தாங்கி விழுந்தது. “எண்ணெய்த் தாங்கி விழுந்திட்டுது! இனி அதுக்கு எண்ணெயில்லை, திரும்பிப் போயிடும், ஏறுங்கோ!” என்ற சத்தத்தைக் கேட்டுத்தான் அண்ணாவும் நிவேதிகாவும் வெளியில் ஏறினார்கள்.

விமானத்தைப் பற்றி அப்போது எங்களுக்கு அவ்வளவுதான் தெரியும். உண்மையில், தூரம் பறக்க உள்ளே இருக்கிற எண்ணெய் காணாது என்றுதான் வெளியில் ஒரு தாங்கி கட்டிக்கொண்டு வருமாம். முதலில் அதைத்தான் எரிக்குமாம். முடிந்ததும் பாரம் குறையட்டும் என்று கழற்றி விட்டுவிடுமாம். உள்ளே இருக்கிறது கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். இதெல்லாம் பிறகு அறிந்தது.

கிபிர் போகவில்லை. திரும்பி வந்தது.

சிவலட்சுமி மாமி அடம்பன் சந்தைக்குப் போயிருந்தவ. ஓடி வந்து, “ஆர் என்ர பிள்ளையை ஏறச் சொன்னது?” என்று மண்ணில் விழுந்து கத்தினா.

“நான்தான்” என்றா அம்மா.

அதன்பிறகு மாமி அம்மாவின் முகம் பார்த்ததில்லை. முகாமில் தண்ணீர் வரிசையில்கூட அம்மாவுக்குப் பின்னால் நிற்கமாட்டா.

இப்போது மாமா எல்லோருக்கும் கேட்கச் சத்தம் போட்டார்.

“விசர்க்கதை கதைச்சு என்ர பிள்ளையைச் சாகடிச்சவள்! இப்ப அந்தத் தாங்கியிலயே மாடு வளர்க்கிறாள். இவளின்ர பால் கோயிலுக்குள்ள வரக்கூடாது!”

அடுப்படியில் நின்ற ஒருத்தி, “ஓம், அதுதான் சரி” என்றாள்.

அம்மா பால் போத்தலை எடுத்துக்கொண்டா. ஒருக்கால் மாமியைப் பார்த்தா. பிறகு என் கையை இறுக்கிப் பிடித்து, எனக்கு மட்டும் கேட்கச் சொன்னா.

“வாயைத் திறக்காத தம்பி. அந்த மனிசிக்கு மிஞ்சியிருக்கிறது அவர் ஓராள்தான். பேசாமல் வீட்ட வா.”

நான் கையை இழுத்துக்கொண்டேன்.

“மாமா, அண்டைக்குப் பங்கர் வாசலில நிண்டு ஏறுங்கோ எண்டு கத்தினது நீங்கள்தானே?”