ஸ்க்ரூடிரைவர் யாருக்கு?

"தீர்ப்பு நான்தான் சொல்லுவேன். இதுல புருஷன்னும் பாக்க மாட்டேன், தம்பின்னும் பாக்க மாட்டேன்" என்றாள் மனைவி. சொன்னதோடு நிற்காமல், மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு டிவிக்கு நேர் எதிரே உட்கார்ந்துவிட்டாள்.

புருஷன் பேக்கரிக்காரர். கேக் செய்து ஊரெல்லாம் பேர் வாங்கிய மனிதர், வீட்டில் ரிப்பேர் என்று கை வைத்தால் மட்டும் விளங்கியதே இல்லை. போன மாதம் குழாயைச் சரிசெய்கிறேன் என்று சமையலறையைக் குளமாக்கினார். அதற்கு முந்தின மாதம் அயர்ன் பாக்ஸ். பாவம், அந்தக் கதை இப்போது எதற்கு?

டிவிக்குக் கீழே, படம் பார்ப்பதற்கென்றே ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் இருந்தது. செருப்புப் பெட்டி அளவுதான். படம் பிசிறடிக்கிறது, தெளிவில்லை என்று அதற்குள் போடுவதற்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கி வந்திருந்தார். அதைப் பார்த்ததும் மச்சான் சிரித்த சிரிப்பில்தான் இந்தப் பந்தயமே வந்தது.

படம் தெளிவானால் வீட்டு ஸ்க்ரூடிரைவர் ஆயுசுக்கும் பேக்கரிக்காரர் கையில். வித்தியாசம் தெரியாவிட்டால், அது மச்சான் கைக்குப் போய்விடும். அப்புறம் ஒரு பல்பு மாற்றவேண்டுமென்றாலும் அவனிடம்தான் போய் நிற்கவேண்டும். அதைவிட மானக்கேடு உண்டா?

மச்சானுக்கு வீட்டில் 'நிபுணர்' என்று பட்டப்பெயர். எதையும் கழற்ற மாட்டான், மாட்ட மாட்டான். கழற்றுகிறவர் பக்கத்தில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு உட்காருவான்.

தீர்ப்பு சொல்கிறவளோ ஆஸ்பத்திரி ஸ்கேன் அறையில் வேலை பார்ப்பவள். திரையில் கடுகளவு புள்ளி இருந்தாலும் தப்பவிடாத கண். அந்தக் கண்ணை ஏமாற்ற முடியாது என்பதில் மட்டும் மச்சானுக்கும் அத்தானுக்கும் சண்டையே கிடையாது.

பேக்கரிக்காரர் கரண்டை நிறுத்தி, பின்பக்கத்து ஒயர்களை உருவி, மூடியைக் கழற்றினார். கார்டை அதற்கான பள்ளத்தில் வைத்து அமுக்கினார். உட்கார்ந்தது. ஆனால் மூடியை வைத்தால் மூட மாட்டேன் என்றது.

"நான் அப்பவே சொன்னேன்ல, அத்தான்? பெட்டி சின்னது, கார்டு பெருசுன்னு."

"எப்படா சொன்ன?"

"மனசுக்குள்ள சொன்னேன்."

பெருசாக இருந்தது கார்டு இல்லை, அதன் ஓரத்தில் இருந்த தகரப் பட்டைதான். இந்த மாதிரிக் குள்ளப் பெட்டிக்கென்று கூடவே ஒரு குட்டைப் பட்டையும் கொடுத்திருந்தார்கள். அதை மாற்றும்போது ஒரு ஸ்க்ரூ உருண்டு சோபாவுக்கு அடியில் போனது. நிபுணர் உதவியாகத் தன் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டார், அவ்வளவுதான். பேக்கரிக்காரர் வயிற்றை எக்கிப் படுத்து, தூசியோடு ஸ்க்ரூவையும் எடுத்தார்.

இந்தத் தடவை மூடி 'டக்'கென்று மூடிக்கொண்டது. அவருடைய பேக்கரியில் ஒரே சட்டம்தான்: எடுத்த பொருள் எடுத்த இடத்துக்கே போகவேண்டும். அந்தச் சட்டப்படி, உருவிய ஒயர்களில் எது எங்கே இருந்ததோ அங்கேயே நிதானமாக ஒவ்வொன்றாகச் சொருகினார். மனைவி எழுந்து வந்து பின்பக்கம் ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு, திரும்பப் போய் உட்கார்ந்தாள்.

திரையில் காடு விரிந்தது. ஒரு மான் துள்ளி ஓடியது.

"திரும்பப் போடுங்க" என்றாள். போட்டார். "இன்னொரு தடவை." அதையும் போட்டார்.

"அக்கா, தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிடு. எனக்கு ஸ்க்ரூடிரைவர் வைக்கிறதுக்கு டப்பாகூட ரெடி" என்றான் மச்சான்.

அவள் டிவியைப் பார்க்கவில்லை, புருஷன் முகத்தைப் பார்த்தாள். கேக் எழும்புமா அமுங்குமா என்று அடுப்புக் கண்ணாடி வழியே பார்க்கிற அதே முகம். மூக்கு நுனியில் சோபாவுக்கு அடியில் ஒட்டிய தூசி அப்படியே இருந்தது.

"மான் முதுகுல ஒவ்வொரு முடியும் தனித்தனியாத் தெரியுது" என்றாள் நிதானமாக. "கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்கு."

பேக்கரிக்காரர் ஒரு துள்ளுத் துள்ளினார் பாருங்கள், அந்த மானே தோற்றது! மச்சான் சட்டென்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். அக்கா கண்ணுக்குத் தெரிவது நிபுணர் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் மரியாதை என்ன ஆவது?

"படம் போட்ட உடனேயே நான் கவனிச்சேன்" என்றான். "அந்த இலையைப் பாருங்க, பச்சையிலயே நாலு பச்சை!"

"அப்ப தோத்துட்ட. போய் மூணு பேருக்கும் டீ போடு" என்றாள் அக்கா. அவன் முணுமுணுத்துக்கொண்டே சமையலறைக்குப் போனான்.

பேக்கரிக்காரர் ஸ்க்ரூடிரைவரைச் சட்டைப் பையில் பேனா மாதிரி குத்திக்கொண்டார். சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. "நீயே சொல்லிட்ட, எனக்கு அது போதும்" என்றார்.

மனைவி சமையலறைப் பக்கம் ஒருதரம் பார்த்துக்கொண்டாள். பிறகு அவர் மூக்குத் தூசியைத் துடைத்துவிட்டு, காதோரம் குனிந்தாள்.

"படம் துளிகூட மாறல. அவன் டீயோட வர்றதுக்குள்ள, அந்த டிவி ஒயரைப் பழைய ஓட்டையிலேருந்து உருவிப் புதுக் கார்டுல சொருகுங்க!"