முதல் தெரிவுக்கு ஈடாகக் கிறிஸ்ரியன்

கிறிஸ்ரியனை இன்று எப்படியாவது தள்ளிவிட வேண்டும் என்று சச்சிதானந்தன் காலையிலேயே முடிவு செய்திருந்தார். வாங்க வந்த வின்சென்ற், கோட்டும் ரையுமாக, மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்து அவருடைய வீட்டுச் சோபாவில் உட்கார்ந்திருந்தார்.

கைமாற இருந்தது ஆடோ மாடோ அல்ல, இருபத்துநான்கு வயதுப் பொறியியலாளன். ஸ்ட்ரோம்மன் தமிழ் இளைஞர் கழகத்தின் குவார்ட்டர்பேக், அதாவது அமெரிக்க ஃபுட்போலில் பந்தை எறிகிற ஆள். காலால் உதைக்காமல் கையால் எறிகிற பந்துக்கு ஃபுட்போல் என்று ஏன் பெயர் என்பது கழகத் தலைவரான சச்சிதானந்தனுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஒஸ்லோவைச் சுற்றியுள்ள ஆறு தமிழ்க் கழகங்கள் அந்த விளையாட்டோடு அதன் விதிகளையும் அமெரிக்காவிலிருந்து இறக்கியிருந்தன. வசந்தம் வந்தால் புதிய ஆட்டக்காரரைக் கழகங்கள் முறைவைத்துத் தெரிவு செய்யும். போன வருடம் கடைசியாக வந்த கழகத்துக்கு முதல் தெரிவு. அந்த உரிமையைக் கொடுத்து இன்னொரு கழகத்தின் ஆட்டக்காரனை வாங்கலாம். ஆனால் மற்றத் தலைவர்கள் முன்னிலையில் பேசி முடிக்க வேண்டும்.

இம்முறை முதல் தெரிவு வின்சென்றின் பியோர்ண்டால் கழகத்துக்கு. நோர்வேயின் வடகோடிப் பாட்ஸ்பியோர்ட்டிலிருந்து படிக்க வரும் இரண்டு மீற்றர் உயரமான நெடுவல் ஒருவன்மேல் எல்லாருக்கும் கண். அந்த உரிமையை விட்டுத்தருகிறேன், கிறிஸ்ரியனைத் தாருங்கள் என்று வின்சென்ற் கேட்டபோது சச்சிதானந்தன் உள்ளுக்குள் துள்ளினார். வெளியே, யோசிக்கிறவர்போல் நாடியைத் தடவினார்.

காரணம் மகள் டிலக்சி. பயிற்சி முடிந்தபின் அவளும் கிறிஸ்ரியனும் கடைத்தொகுதியில் ஒரே கோப்பைக் கோப்பியை மாறி மாறிக் குடித்ததை அவர் கண்ணாலேயே கண்டுவிட்டார்.

பெடியன் வேதக்காரன், இவர்கள் சைவம். அதை வாய்விட்டுச் சொல்லவும் முடியாது. சமயமும் ஊரும் நம்மைப் பிரிக்கா என்று ஒவ்வொரு போட்டித் தொடக்கத்திலும் ஒலிவாங்கியில் முழங்குகிறவர் அவர்தான். வேறு குறை தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. ஆகவே ஆளைப் பியோர்ண்டாலுக்கு அனுப்பிவிட்டால், ஒரு ரயிலும் ஒரு பஸ்ஸும் தாண்ட முடியாமல் அந்தக் காதல் களைத்துவிடும் என்று நம்பினார்.

சாட்சிக்கு வந்த நான்கு தலைவர்களும், சச்சிதானந்தனின் மனைவி ராசமலர் பொரித்து வைத்த பற்றிஸில் கவனமாக இருந்தார்கள். தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்தால் கதிரைகளை அடுக்கிவைத்துவிட்டே வீடு போகிற வின்சென்ற், இங்கேயும் அவசரப்படவில்லை.

"பெடியன் குடிக்கிறவனோ, அண்ணை?"

"சீச்சீ, கோப்பிதான் குடிப்பான்" என்று சொல்லிவிட்டுச் சச்சிதானந்தன் செருமிக்கொண்டார்.

கோபம் எப்படி, கூட்டாளிகள் எப்படி, குடும்பம் எப்படி என்று கேள்விகள் நீண்டன. பந்து எறிகிற கையைப் பற்றி மட்டும் வின்சென்ற் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சச்சிதானந்தனுக்குப் பதில் தெரிந்திராது.

சரக்கைத் தள்ளிவிடும் அவசரத்தில் அவர் புகழை அள்ளி இறைத்தார். தகப்பன் இல்லாமல் வளர்ந்தும் தாயைத் தாங்குகிறான், தங்கச்சியைப் படிப்பிக்கிறான், பெரியவர்களைக் கண்டால் எழும்பி நிற்கிறான். எல்லாம் உண்மை. அந்த உண்மையைச் சொல்ல அவருக்கு ஒரு வியாபாரம் தேவைப்பட்டது.

தலைவர்களில் ஒருவருக்குச் சந்தேகம் வந்தது. "இவ்வளவு நல்லவனை ஏன் விடுறியள்?"

"மற்றச் சனமும் பிரயோசனப்படட்டும் எண்டுதான்" என்றார் சச்சிதானந்தன், கோயில் மேடையில் நிற்கிறவர்போல.

வின்சென்ற் பற்றிஸ் தட்டைக் கீழே வைத்தார். "நாளைக்கு ஆள் சரியில்லை எண்டு ஒரு கதை வராதே, அண்ணை?"

"என்ர நாக்கால சொல்லுறன், வின்சென்ற். அவனை வேண்டாம் எண்டு சொல்லுறவன் விசரன்."

"நாலு பேரும் கேட்டனியள்தானே?" என்று வின்சென்ற் மற்றவர்களைப் பார்த்தார். வாய் நிறைந்திருந்ததால் அவர்கள் தலையை மட்டும் ஆட்டினார்கள்.

பெடியனுடைய விருப்பத்தையும் கேட்டாயிற்று, அவனுக்கு முழுச் சம்மதம் என்றார் வின்சென்ற். இருவரும் கைகுலுக்கினார்கள். நெடுவல் ஸ்ட்ரோம்மனுக்கு, கிறிஸ்ரியன் பியோர்ண்டாலுக்கு. ஒரே பேச்சில் வெற்றிக் கோப்பையும் வரும், கோப்பியும் நிற்கும் என்ற நிம்மதியில் சச்சிதானந்தன் சோபாவில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

அப்போது வின்சென்றின் மனைவி மரியகொறற்றி குசினியிலிருந்து ஒரு தட்டோடு வந்தார். தட்டில் பழங்கள், கேக், ஒரு முழம் பூ. பின்னால் ராசமலர், எப்போது மாற்றினாரோ, பட்டுச் சேலையில் நின்றார். அவருக்கும் பின்னால் டிலக்சி, சிரிப்பை அடக்கத் தெரியாமல் தரையைப் பார்த்துக்கொண்டு.

"இதென்ன, பந்து விளையாட்டுக்குப் பூவும் பழமும்?" என்றார் சச்சிதானந்தன்.

வின்சென்ற் எழுந்து ரையைச் சரிசெய்தார். "நான் கிறிஸ்ரியன்ர ஞானத்தகப்பன், அண்ணை. தகப்பன்ர இடத்தில நிக்கிறன்."

சச்சிதானந்தன் சாட்சிகளைத் திரும்பிப் பார்த்தார். நால்வரும் மெல்லுவதை நிறுத்தியிருந்தார்கள்.

வின்சென்ற் தட்டை மெல்ல அவர் பக்கம் நகர்த்தினார்.

"விசாரிச்சு முடிஞ்சுது, அண்ணை. பொம்பிளை கேட்டு வந்தனாங்கள்."